ஒருவருக்கே பல முறை வரும் தொய்வுத் தாக்கத்தை எப்படிக் கணக்கிடுவது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் நான்கு தேயிலைத் தோட்டங்களிலும் பசறைப் பக்கத்தில் நான்கு தோட்டங்களிலும் தொய்வு (ஆஸ்துமா) நோயாளரைப் பன்னிரண்டு மாதம் பின்தொடரும் ஆய்வொன்றைத் திட்டமிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் எழுமாற்றாக, அதாவது குலுக்கல் முறையில், தெரிந்த இரண்டு தோட்டங்களில் பம்ப் (இன்ஹேலர்) பாவிக்கும் முறையைத் தோட்ட வைத்திய உதவியாளர் நேரில் பழக்குவார். மற்ற இரண்டில் வழமையான கிளினிக் மட்டும் நடக்கும். சிலருக்கு வருடம் முழுவதும் ஒரு தாக்கமும் வராது, சிலர் ஐந்தாறு முறை நெபியுலைசருக்கு வந்து போவார்கள். முதல் தாக்கம் வரும் வரையான காலத்தை மட்டும் கொக்ஸ் முறையில் (நிகழ்வு வரும் வேகத்தை ஒப்பிடும் புள்ளிவிவர முறை) ஒப்பிட்டால் போதும் என்கிறார் உங்கள் மேற்பார்வையாளர். ஆளுக்கு எத்தனை என்று கூட்டி, இரண்டு குழுக்களின் சராசரியை டி சோதனையில் ஒப்பிடச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி என்று கேட்கிறீர்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1972இல் கொக்ஸ் முன்வைத்த மாதிரியுருவில் குறை எதுவும் இல்லை. அது ஒரு முறை மட்டும் நடக்கும் நிகழ்வுக்கு, குறிப்பாக மரணத்துக்கு, மிகப் பொருத்தமானது. தொய்வில் முதல் தாக்கத்தோடு கணக்கை மூடினால், பிப்ரவரியில் ஒரு முறை வந்து பிறகு வருடம் முழுக்கச் சுகமாக இருந்தவரும், பிப்ரவரியில் தொடங்கி மாதம் ஒரு முறை மூச்சுத் திணறி வந்தவரும் ஒரே மாதிரியான நோயாளர் ஆகிவிடுவார்கள். செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) மாதத்தின் முதல் நாள் கொழுந்தை மட்டும் எழுதிவிட்டு அதை வைத்து முழு மாதச் சம்பளத்தைப் போட்டால் எந்தத் தோட்டத்தில் ஏற்றுக்கொள்வார்கள்? நோயாளி தாங்கும் சுமை, இழக்கும் பெயர் (ஒரு நாள் சம்பளம்), பஸ்ஸுக்கும் மருந்துக்கும் போகும் காசு எல்லாம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது தாக்கங்களில்தான் குவிகின்றன. மேலும், பம்ப் பழக்குவதன் பலன் ஒரு மாதத்திலேயே தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. பழகிய கை சரியாக வேலை செய்யத் தொடங்கும் முன்பே முதல் தாக்கம் வந்துவிட்டால், முதல் நிகழ்வுக் கணக்கில் அந்தப் பழக்கத்தின் பலன் பதிவாகவே மாட்டாது.

டி சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதம் இருந்தவரையும் மூன்றாம் மாதம் கொழும்புக்குப் போய்விட்டவரையும் அது சமமாக வைக்கிறது. பெரும்பாலானோர் பூச்சியத்திலும் சிலர் ஆறிலும் ஏழிலும் நிற்கும் பரம்பலுக்கு அது உருவாக்கப்பட்டதும் இல்லை.

எந்த முறைக்கும் முன்னதாக, ‘ஒரு தாக்கம்’ என்பது எது என்று தீர்மானிக்க வேண்டும். பல ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். நோயாளியின் கிளினிக் கொப்பியை ஒரு முறை பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாலும் மழையில் ஓரம் ஊறியிருக்கும் பக்கத்தில், திங்கட்கிழமை தோட்ட டிஸ்பென்சரியில் நெபியுலைசர், புதன்கிழமை மறுபடியும் நெபியுலைசர், வெள்ளிக்கிழமை ஆதார வைத்தியசாலையில் இரண்டு நாள் வாட்டில் என்று மூன்று பதிவுகள், மூன்று கையெழுத்துகளில் இருக்கும். அவை மூன்று தாக்கங்களா, ஒரே தாக்கத்தின் மூன்று கட்டங்களா? 2009இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் ஐரோப்பிய சுவாச நோய்ச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஸ்டீரொய்ட் மருந்துத் தொடர்கள் இரண்டுக்கு இடையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி இருந்தால்தான் அவற்றைத் தனித்தனிக் கடுமையான தாக்கங்களாக எண்ண வேண்டும் என்கிறது. நீங்களும் அந்த ஏழு நாள் விதியைப் பின்பற்றி, அதை ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். தரவு கையில் வந்த பிறகு இந்த விதியை வகுத்தால், விரும்பிய முடிவை நோக்கி விதி வளைந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிஸ்பென்சரிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால், டவுனில் பிரைவேட் டொக்டரிடம் போனவை விடுபடும். பம்ப் பழக்கும் தோட்டங்களில் உதவியாளர் நோயாளரோடு நெருக்கமாக இருப்பதால் அங்கே தாக்கங்கள் கூடுதலாகப் பதிவாகவும் இடமுண்டு. ஆகவே எட்டுத் தோட்டங்களிலும் ஒரே ஆள், ஒரே படிவத்தில், மாதம் ஒரு முறை கொப்பியைப் பார்த்துப் பதிய வேண்டும்.

இனித் தரவை அடுக்கும் விதம். விளக்கத்துக்காக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். ஆய்வில் சேர்ந்த 40ஆம், 44ஆம், 130ஆம், 210ஆம் நாட்களில் அவர் சிகிச்சைக்கு வந்தார். 365ஆம் நாள் வரை நம் கண்காணிப்பில் இருந்தார். 40உம் 44உம் ஒரே தாக்கம். கடைசிச் சிகிச்சை நாளிலிருந்து ஏழு நாள் கழியும் வரை அவருக்குப் ‘புதிய’ தாக்கம் வர முடியாது என்பதால், அவருடைய வருடம் நான்கு வரிகளாகப் பிரிகிறது: 0 முதல் 40 வரை, முடிவில் தாக்கம், 51 முதல் 130 வரை, முடிவில் தாக்கம், 137 முதல் 210 வரை, முடிவில் தாக்கம், 217 முதல் 365 வரை, முடிவில் தாக்கம் இல்லை. மொத்தம் 340 நாள், மூன்று தாக்கம். ஒவ்வொரு வரியிலும் தொடக்கம், முடிவு, நிகழ்ந்ததா, நோயாளி இலக்கம், தோட்டம் ஆகிய ஐந்தும் இருந்தால், கீழே சொல்லப்போகும் முறைகளில் பெரும்பாலானவற்றை ஆர் மென்பொருளின் சர்வைவல் தொகுப்பிலேயே செய்துவிடலாம். அந்த ஏழு நாட்களைக் கழிக்காமல் விடுவோரும் உண்டு. எதைச் செய்தாலும் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும்.

எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவதே மிக எளிய வழி. பலர் முதலில் எடுப்பது, எல்லோருக்கும் தாக்கம் ஒரே வீதத்தில் வரும் என்று கொள்ளும் புவசோன் மாதிரியுரு. அதில் ஒரு பொறி இருக்கிறது. நூறு பேருக்கு வருடத்தில் நூறு தாக்கங்கள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். புவசோன் பரம்பல் சரியென்றால் ஏறக்குறைய 37 பேருக்குத் தாக்கமே வந்திருக்காது. இடையும் (சராசரி) மாறற்றிறனும் (எண்ணிக்கைகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) இரண்டுமே 1 ஆக இருக்கும். உண்மையான நோயாளர் அப்படிப் பரவியிருப்பதில்லை. ஜன்னலில்லாத லயன் காம்பராவில் விறகடுப்புக்கு முன்னால் நிற்பவர், தேயிலைத் தொழிற்சாலைத் தூசியில் வேலை செய்பவர், சிறு வயதிலிருந்தே இழுப்பு உள்ளவர் என்று ஒவ்வொருவரின் அடிப்படை வீதமும் வேறு. இந்த வேறுபாட்டை உள்வாங்குவது மறை ஈருறுப்புப் பரம்பல். அதில் மாறற்றிறன் என்பது இடையோடு, இடையின் வர்க்கத்தைச் சிதறல் எண்ணால் (ஆளுக்கு ஆள் வீதம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண்) பெருக்கி வருவதையும் கூட்டியது. சிதறல் எண் 2 என்று எடுத்தால், இடை 1 ஆக இருக்கும்போது மாறற்றிறன் 3. தாக்கமே வராதவர்கள் ஏறக்குறைய 58 பேர். அதே நூறு தாக்கங்கள்தான், நியம வழு (மதிப்பீட்டின் தளம்பல் அளவு) மட்டும் 1.73 மடங்காகிவிடுகிறது. புவசோனை நம்பி எழுதியவர் தன் முடிவின் உறுதியை அந்த அளவுக்கு மிகைப்படுத்தியிருப்பார். இந்தச் சிந்தனை புதியதன்று. முதலாம் உலகப் போர்க்காலத்தில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களுக்கு நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்த கிரீன்வுட்டும் யூலும், ஒரே வேலையில் சிலருக்கு மட்டும் விபத்துகள் திரும்பத் திரும்ப நேர்வதை இந்தப் பரம்பலைக் கொண்டுதான் 1920இல் விளக்கினார்கள்.

மாதிரி அளவைக் கணக்கிடும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஒருவருக்கே வந்த ஆறு தாக்கங்கள் ஆறு பேரின் சான்றுக்குச் சமமாக மாட்டா. சிதறல் எண்ணை 0 என்று வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஆய்வைத் தொடங்கினால், வருட முடிவில் ஒரு முடிவும் சொல்ல முடியாத நிலையில் நிற்க நேரிடும். எனக்கு ஒரு முறை அது நேர்ந்திருக்கிறது. நோயாளர் ஒரு வருடம் நம்மை நம்பி வந்து போன பிறகு அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் இருப்பது மிக வருத்தமான விடயம்.

எண்ணிக்கை மாதிரியுரு, தாக்கம் எப்போது வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க விரும்பினால், வரைபிலிருந்து தொடங்குங்கள். திரட்டிய சராசரி எண்ணிக்கை என்பது ஒரு நோயாளிக்கு இந்த நாள் வரை சராசரியாக எத்தனை தாக்கம் வந்திருக்கும் என்பதைக் காட்டும் படிக்கட்டு வரைபு. கையாலேயே போடலாம். பத்துப் பேர் கண்காணிப்பில் இருக்கும்போது 40ஆம் நாள் ஒரு தாக்கம் வந்தால், படி 0.1 உயர்கிறது. 90ஆம் நாள் ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார்; 130ஆம் நாள் அடுத்த தாக்கம் வரும்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஆகவே 0.11 கூடி 0.21 ஆகிறது. 160ஆம் நாள் இன்னொருவர் போகிறார். 210ஆம் நாள் இரண்டு தாக்கங்கள் வந்தால் எட்டில் இரண்டு, 0.25 கூடி 0.46. தாக்கம் வந்தவர் கணக்கிலிருந்து வெளியேறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நிகழ்வு முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. இரண்டு குழுவுக்கும் இரண்டு வரைபு போட்டால், பலன் எந்த மாதத்தில் பிரியத் தொடங்குகிறது என்பதைச் சுகாதார அதிகாரிக்கும் நோயாளிக்கும் காட்டலாம்.

இந்த இரண்டு வரைபுகளின் உயர்ச்சி வேகத்தை விகிதமாகச் சொல்லும் மாதிரியுருவையே உங்கள் பிரதான பகுப்பாய்வாகப் பரிந்துரைக்கிறேன். அதன் வேர் 1982இல் ஆண்டர்சனும் கில்லும் கொக்ஸ் மாதிரியுருவை மீள்நிகழ்வுகளுக்கு விரித்த வேலை. அவர்களின் வடிவத்தில் ஒரு கடினமான அனுமானம் உண்டு: மாதிரியுருவில் சேர்த்த காரணிகளைத் தவிர, முன்பு வந்த தாக்கங்களுக்கும் அடுத்த தாக்கத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. தொய்வில் அது உண்மையாகாது. 2000இல் லின், வெய், யாங், யிங் ஆகிய நால்வரும், அந்த அனுமானம் இல்லாமலே அதே மதிப்பீட்டைச் சராசரி வீதங்களின் விகிதமாக வாசிக்கலாம் என்றும், ஒரே நோயாளியின் வரிகளை ஒன்றாகக் கட்டிக் கணக்கிடும் சாண்ட்விச் மாறற்றிறனைப் பயன்படுத்தினால் நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) சரியாக அமையும் என்றும் நிறுவினார்கள். பம்ப் பழக்கிய தோட்டங்களில் வருடத்துக்கு ஆளுக்கு வரும் தாக்கங்கள், பழக்காத தோட்டங்களோடு ஒப்பிட்டால் எத்தனை பங்கு? இந்தக் கேள்விக்கு நேரான பதில் இதில் கிடைக்கிறது.

தேடும்போது வேறு இரண்டு பெயர்கள் உங்களுக்கு எதிர்ப்பட்டிருக்கும். 1981இல் வந்த ப்ரெண்டிஸ், வில்லியம்ஸ், பீட்டர்சன் முறை, முதல் தாக்கத்துக்கு ஒரு அடுக்கு, இரண்டாவதுக்கு ஒரு அடுக்கு என்று பிரிக்கிறது. முதலாவது வந்த பிறகுதான் ஒருவர் இரண்டாவது அடுக்குக்குள் வருவார். ஒரு தாக்கம் வந்தவருக்கு அடுத்தது எவ்வளவு சீக்கிரம் வரும் என்று அறிய விரும்பும் வைத்தியருக்கு இது நல்ல கருவி. சிகிச்சையின் பலனை அளக்க நான் இதை எடுக்கமாட்டேன். காரணம் இதுதான்: பம்ப் பழகியும் முதல் தாக்கம் வந்தவர்கள், பழகியவர்களுள் மிகக் கடுமையான நோயாளர், பழகாமல் முதல் தாக்கம் வந்தவர்களுள் சாதாரண நோயாளரும் இருப்பார்கள். எழுமாற்றாகப் பிரித்து நாம் உண்டாக்கிய சமநிலை இரண்டாவது அடுக்கில் குலைந்துவிடுகிறது. முன்பு வந்த தாக்கங்களின் எண்ணிக்கையைச் சீராக்கக் காரணியாகச் சேர்ப்பதிலும் இதே கேடு உண்டு. அந்த எண்ணிக்கையைக் குறைப்பதுதானே சிகிச்சையின் வேலை? அதைச் சமன்படுத்திவிட்டால் பலனில் ஒரு பகுதியை நாமே அழித்துவிடுகிறோம்.

1989இல் வந்த வெய், லின், வைஸ்ஃபெல்ட் முறை, முதல் தாக்கமே வராதவரையும் மூன்றாவது தாக்கத்துக்கு ஆளாகக்கூடியவராக எண்ணுகிறது. கணித ரீதியில் அது பிழையில்லை. ஆனால் முதல் தாக்கத்தைத் தள்ளிப்போட்ட பலன் இரண்டாவது, மூன்றாவதின் மதிப்பீடுகளிலும் திரும்பத் தோன்றுவதால், வாசிப்பவர் ஒரே பலனை மூன்று முறை கண்டதாக நினைக்க இடமுண்டு. இந்த முறைகளின் வேறுபாட்டைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பினால், சர்வைவல் தொகுப்போடு வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்த் தரவில் பழகுங்கள். 85 நோயாளர், ஆளுக்கு நான்கு மீள்வரவுகள் வரை, தியோடெப்பா மருந்தும் போலி மருந்தும். ஒரு மாலைப் பொழுது போதும்.

மீள்நிகழ்வுகளை எண்ணினால் தானாகவே தெளிவான முடிவு கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இதயச் செயலிழப்பு நோயாளர் 4,822 பேரைக் கொண்ட பாரகன் ஆய்வு 2019இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்புக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட எல்லாத் தடவைகளையும் இதய, இரத்தக்குழாய் நோயால் வந்த மரணத்தையும் சேர்த்து எண்ணுவதையே பிரதான அளவாக அது வைத்தது. பகுப்பாய்வு நான் மேலே பரிந்துரைத்த நால்வர் முறை. சக்குபிட்ரில்-வால்சார்ட்டான் குழுவில் 526 பேருக்கு 894 நிகழ்வுகள், வால்சார்ட்டான் குழுவில் 557 பேருக்கு 1,009 நிகழ்வுகள். முதல் நிகழ்வோடு நிறுத்தியிருந்தால் 820 நிகழ்வுகள் கணக்கில் வராமலே போயிருக்கும். அவ்வளவும் சேர்ந்தும் வீத விகிதம் 0.87, நம்பிக்கை இடைவெளி 0.75 முதல் 1.01 வரை. வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1ஐ மேல் எல்லை தாண்டிவிட்டது. ஒரே நோயாளியிடம் குவியும் நிகழ்வுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் அந்த 820உம் 820 புதிய சான்றுகளாக ஆகவில்லை.

மரணம் இடையில் வரும்போது என்ன செய்வது? உங்கள் ஆய்வில் தொய்வினால் மரணம் அரிதாக இருக்கலாம். ஆனால் வயதான, நாட்பட்ட சுவாசத் தடை நோயுள்ளவர்களும் சேர்ந்தால் அரிதாக இருக்காது. இறந்தவரைப் பாதியில் விடுபட்டவராகக் கொண்டால், அவர் உயிரோடு இருந்து மற்றவர்களைப் போலவே தாக்கங்களுக்கு ஆளாகிக்கொண்டிருப்பார் என்று கற்பனை செய்கிறோம். கோஷும் லின்னும் 2000இல் தந்த முறையில், இறந்தவர் இனித் தாக்கம் வராதவராகச் சராசரிக்குள்ளேயே இருக்கிறார். நடந்தது நடந்தபடி எண்ணப்படுகிறது. ஆனால் அதிகம் பேர் இறந்த குழுவில் தாக்கங்கள் குறைந்ததாகத் தோன்றும் ஆபத்து அதில் உண்டு. ஆகவே எந்த முறையானாலும் இறப்பு விவரத்தைப் பக்கத்திலேயே தராமல் தாக்க விகிதத்தை மட்டும் வெளியிடக்கூடாது.

நம் மலையகத்தில் மரணத்தை விட அதிகமாகக் கணக்கைக் குலைப்பது இடம்பெயர்வு. கொழும்பில் கடை வேலைக்கும், மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்கும், மகள் வீட்டுக்கும் போவோர் வருடம் முழுக்க இருப்பார்கள். வேலை கிடைத்ததால் போனவரால் கணக்குக்குப் பாதகமில்லை. மூச்சு முட்டி மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல் வேலையை விட்டுப் போனவர்தான் சிக்கல். அவர் எடுத்துச் செல்வது அடுத்த மாதங்களில் வரவிருந்த தாக்கங்களை. விடுபடும் ஒவ்வொருவரிடமும் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள், முடிந்தால் ஒரு கைத்தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். அப்படி வெளியேறுவோர் கணிசமாக இருந்தால், தாக்கங்களையும் வெளியேற்றத்தையும் ஒரே மறைந்த நலிவுக் காரணியால் (நேரில் அளக்க முடியாத, ஆளுக்கு ஆள் மாறும் பலவீனம்) பிணைக்கும் கூட்டு நலிவு மாதிரியுருவை இரண்டாவது பகுப்பாய்வாகச் செய்யலாம்; ஆரில் ஃப்ரெய்ல்டிபாக் தொகுப்பு அதற்கென்றே இருக்கிறது. விடுபட்டவர்களைப் பற்றிய அனுமானத்தில் அது தங்கியிருப்பதால் அதைப் பிரதான முடிவாக வைக்க வேண்டாம்.

பருவகாலத்தையும் மறக்க முடியாது. ஹட்டன், மஸ்கெலியா சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கதவை அடைத்து, ஈர விறகை எரித்து, புகைக்குள்ளேயே இருக்கும் மாதங்கள் அவை. அதே யூலை, ஓகஸ்டில் பசறைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். அங்கே மழை வடகீழ்ப் பருவத்தோடு வரும். ‘சேர்ந்த நாளிலிருந்து எத்தனை நாள்’ என்ற கால அளவை மட்டும் வைத்தால் இரண்டு பக்கத்து மழைக்காலமும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். காலண்டர் திகதியையே கால அச்சாக வைத்து, ஹட்டன் பக்கத்துக்கு ஒரு அடிப்படை வீதம், பசறைப் பக்கத்துக்கு வேறொரு அடிப்படை வீதம் என்று அடுக்காகப் பிரித்துவிட்டால், மழை எப்போது பெய்தாலும் ஒப்பீடு ஒரே பக்கத்துத் தோட்டங்களுக்குள் ஒரே திகதியில் நடக்கும்.

கடைசியாக, உங்கள் திட்டத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தும் விடயம். பழக்கம் தரப்படுவது தோட்டம் தோட்டமாக. ஒரே தோட்டத்து நோயாளர் ஒரே உதவியாளரிடம் பழகுகிறார்கள், ஒரே குளிரில் இருக்கிறார்கள். ஆகவே சாண்ட்விச் மாறற்றிறனை நோயாளி மட்டத்தில் கட்டினால் போதாது, தோட்ட மட்டத்தில் கட்ட வேண்டும். எட்டே எட்டுக் கொத்துகள் இருக்கும்போது அந்த மதிப்பீடு நியம வழுவைக் குறைத்தே காட்டும். மாற்றாக, எழுமாற்றுப் பிரிப்பையே சோதனையாக்கலாம்: வேறு எப்படியெல்லாம் பிரித்திருக்க முடியுமோ அவை எல்லாவற்றிலும் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, உண்மையில் கிடைத்தது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கில் இரண்டைத் தெரிய ஆறு வழிகள். இரண்டு பக்கமும் சேர்ந்து முப்பத்தாறு. உங்கள் முடிவு இருப்பவற்றுள் மிகச் சிறந்ததாகவே வந்தாலும், இருபக்கச் சோதனையில் நிகழ்தகவு 36இல் 2, அதாவது 0.056. 0.05ஐ எட்டவே முடியாது, எத்தனை நோயாளரைச் சேர்த்தாலும். ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு தோட்டங்கள் எடுத்து மூன்று மூன்றாகப் பிரித்தால் வழிகள் 400 ஆகின்றன, மிகச் சிறிய நிகழ்தகவு 0.005 ஆகிறது. தோட்டத்துக்கு அறுபது பேர் சேர்க்கும் எண்ணமிருந்தால், அதை நாற்பதாகக் குறைத்துப் பன்னிரண்டு தோட்டங்களுக்குப் போங்கள். மொத்த நோயாளர் அதே 480தான். நெறிமுறைக் குழுவுக்குத் திட்டத்தை அனுப்பும் முன் இந்த ஒரு மாற்றத்தையாவது செய்துவிடுங்கள்.